மூடிய ஆலையின் மண்ணுக்கும் சான்று வேண்டும்

தமிழ்நாட்டில் வீடு வாங்கப்போகும் ஒருவர் பார்க்கும் காகிதங்களை எண்ணினால், நாம் எவ்வளவு முன்ஜாக்கிரதையான மக்கள் என்று தோன்றும். பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி, ரெரா பதிவு எண் எனப் பட்டியல் நீளும். கடன் தரும் வங்கி தன் வழக்கறிஞரிடம் தனியாக ஒரு கருத்துரை வாங்கும். எப்போதோ யாரோ அந்த மனையைச் சில ஆயிரம் ரூபாய்க்கு அடமானம் வைத்து மீட்டிருந்தால்கூட வெளியே வந்துவிடும். அதே மனையில் இருபது ஆண்டுகள் ஒரு முலாம் பூசும் பட்டறை நடந்தது, அதன் கழிவுநீர் பின்கட்டுக் குழியில் இறங்கியது என்ற செய்தி மட்டும் எந்தக் காகிதத்திலும் வராது. கட்டுமானத்துக்கு முன் மண் பரிசோதனை நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. துளையிடும் இயந்திரத்தோடு வருகிறவர்கள் பார்ப்பது மண் எத்தனை மாடியைத் தாங்கும் என்பதை மட்டுமே. அதில் குரோமியம் இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. பெரும்பாலும் அது யாருடைய வேலையாகவும் இல்லை.

இதை இப்போது பேச வேண்டிய காரணம், நகரங்களுக்குள் இருக்கும் தொழில் நிலங்கள் வேகமாகக் கைமாறிக்கொண்டிருப்பதுதான். பெரம்பூர் வட்டாரத்தில் நூறாண்டுக்கும் மேல் ஓடிய பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலை 1996இல் நின்றது. பிறகு சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போன அந்த வளாகத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையின் கொட்டகைகள் பல கணினி அலுவலகங்களாகிவிட்டன. கோவையில் பஞ்சாலை வளாகங்கள் வணிக வளாகங்களாகின்றன. இந்த மாற்றம் நல்லது என்பதே என் கட்சி. குடிநீர்க் குழாயும் சாலையும் பேருந்தும் ஏற்கெனவே வந்துவிட்ட இடத்தில் வீடு கட்டுவது, ஏரியையும் வயலையும் மனைப்பிரிவாக்குவதைவிட எவ்வளவோ மேல். பழைய ஆலை நிலத்தை வேலி போட்டுக் கருவேலம் வளரவிடுவதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே அது கைமாறக் கூடாது. தொழில் நடந்த எந்த நிலமும் விற்கப்படும்போதும் பயன்பாடு மாற்றப்படும்போதும், மண்ணின் நிலையைச் சொல்லும் சான்று ஒன்று பத்திரத்தோடு கட்டாயம் சேர வேண்டும். சட்டமும் நீதிமன்றமும் விதிகளும் எவ்வளவு இருந்தாலும், இந்த ஒரு கண்ணி இல்லாதவரை மற்றவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாது.

மண்ணில் சேரும் விஷம் பல வகை. முலாம் பூசும் பட்டறை குரோமியம், நிக்கல், சயனைடு விட்டுப்போகும். பழைய பேட்டரி உருக்கிய இடத்தில் ஈயம் கிடக்கும்; அது இடம்பெயராமல் மேல்மண்ணிலேயே தங்கும், விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். இயந்திரங்களின் எண்ணெய்ப்பிசுக்கைக் கழுவப் பயன்பட்ட குளோரின் கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே இறங்கும், பல ஆண்டு கழித்து ஆவியாக மேலேறி வீட்டுத் தரையின் விரிசல் வழியாக உள்ளே வரும். இவற்றில் பலவற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் விஷம் ஒன்று உண்டு. அது இராணிப்பேட்டையில் இருக்கிறது.

இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி இருபது ஆண்டுகள் போல நடந்தது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு உலையில் வறுத்து, நீரில் கரைத்து, சோடியம் டைகுரோமேட் எடுப்பார்கள். அதிலிருந்து கிடைப்பதுதான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடப் பயன்படும் குரோம் உப்பு. கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில், குரோமியத்தின் நச்சு வடிவமான அறுவலு குரோமியம் முழுவதும் வெளியேறியிருக்காது. மழை நீர் படும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும், அதுவும் பல பத்தாண்டுகளுக்கு. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட இந்தச் சக்கை வளாகத்திலேயே குன்றாகக் கிடந்தது. மழைக்காலத்தில் அதன் அடிவாரத்திலிருந்து மஞ்சள் நீர் கசிந்து வெளியேறியதைச் சுற்றுவட்டாரம் ஒரு தலைமுறைக் காலமாகப் பார்த்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது நம் தரநிலை. அறுவலு குரோமியத்தை மூச்சில் இழுப்பது நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. 2006இல் ஒரு சர்வதேச அமைப்பு உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் இராணிப்பேட்டை இருந்தது. இவ்வளவு நடந்த ஊரிலும், அக்கம்பக்கத்தில் மனை வாங்குகிற ஒருவருக்கு வில்லங்கச் சான்று சொல்வது இதுதான்: வில்லங்கம் ஏதுமில்லை.

இதே சக்கை அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலும் குவிந்தது. அங்கே நடந்ததை நாம் ஊன்றிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வேதியியல் ஒன்றுதான், விளைவு வேறு. ஜெர்சி சிட்டியும் அதைச் சுற்றிய ஹட்சன் கவுண்டியும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி குரோமேட் தொழிலின் மையமாக இருந்தன. மூன்று ஆலைகள் சேர்ந்து இருபது லட்சம் டன்னுக்கும் மேல் சக்கையை உற்பத்தி செய்தன. பார்ப்பதற்கு நல்ல மணல் போல இருந்ததால் பள்ளம் நிரப்பவும், அடித்தளம் போடவும், சதுப்பை மேடாக்கவும் அதை எடுத்துப்போனார்கள். பிறகு கட்டடங்களின் நிலவறைச் சுவர்களில் மஞ்சளும் பச்சையுமாகப் படிகங்கள் பூத்தபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. ஹாக்கென்சாக் ஆற்றங்கரையில் மியூச்சுவல் கெமிக்கல் என்ற நிறுவனம் கொட்டிய பெருங்குவியலைத் தோண்டி எடுக்கச் சொல்லி, தேவாலயங்களைச் சேர்ந்த மக்கள் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. அந்த நிறுவனம் 1954இலேயே ஆலையை மூடிவிட்டது. பிறகு அது அல்லைடு கெமிக்கலோடு சேர்ந்தது, அல்லைடு பெயர் மாறி, 1999இல் ஹனிவெல் ஆனது. பெயர் எத்தனை மாறினாலும் பொறுப்பு மாறாது என்று 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. மேலே தார் போட்டு மூடிவிடலாம் என்ற யோசனையை ஏற்காமல், தோண்டி அப்புறப்படுத்தச் சொன்னது. பத்து லட்சம் டன்னுக்கும் மேல் வெளியேறியது. அந்த நிலத்தை 2018இல் நகராட்சி வாங்கியது. பேஃபிரண்ட் என்ற பெயரில் அங்கே எழும் குடியிருப்பின் முதல் கட்டத்தில் 35 விழுக்காடு வீடுகள் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு என்பது ஏற்பாடு.

நியூஜெர்சியில் இது நடந்ததற்கு நல்ல நீதிபதி கிடைத்தது மட்டும் காரணமாகாது. 1983இலேயே அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது: குறிப்பிட்ட வகை ஆலைகள் மூடப்பட்டாலோ விற்கப்பட்டாலோ, அதற்கு முன் மண்ணையும் நீரையும் சோதித்து, தேவையானால் சுத்தம் செய்ய உறுதி தர வேண்டும். ஆலையை நடத்தியவரின் கையில் பணமும் பெயரும் இருக்கும் கடைசி நிமிடம் விற்பனை நாள்தான் என்பதைப் புரிந்துகொண்ட சட்டம் அது. நம் ஊரில் ஆலை தொடங்கவும் நடத்தவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். மூடிவிட்டுப் போகும்போது மட்டும் அந்த அக்கறை காற்றில் போய்விடுகிறது. போகிறவர் போன பிறகு, யார் பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் நடையாய் நடக்கிறது. போபாலில் பார்த்தோம். 1984 விபத்துக்கு முன்பே யூனியன் கார்பைடு தன் வளாகத்தில் புதைத்த கழிவு அங்கேயே கிடந்தது. நிறுவனத்தின் இந்தியக் கிளை கைமாறியது, தாய் நிறுவனத்தை டவ் வாங்கியது, நிலம் மாநில அரசிடம் திரும்பியது. கொட்டகையில் கட்டிவைத்திருந்த 337 டன் கழிவு பீதம்பூருக்குப் போய் எரிக்கப்பட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது குவியலின் நுனி. மண்ணில் கலந்தது 11 லட்சம் டன் என்று 2010இல் அரசு ஆய்வு நிறுவனங்களே மதிப்பிட்டிருக்கின்றன.

பத்திரத்தில் எழுதிவிட்டால் போதுமா என்று கேட்டால், போதாது என்பதற்கு உலகறிந்த சான்று லவ் கால்வாய். நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாயில், 1942 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் இரசாயனக் கழிவைக் கொட்டி மண் போட்டு மூடியது. 1953இல் அந்த இடத்தை நகரக் கல்வி வாரியத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. இங்கே இரசாயனம் புதைந்திருக்கிறது, இனி ஏதும் நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று அந்தப் பத்திரத்திலேயே ஒரு வாசகம் இருந்தது. வாரியம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது, அங்கே தொடக்கப் பள்ளி கட்டியது, மிச்சத்தை விற்றது. சுற்றிலும் வீடுகள் வந்தன. வீடு வாங்கியவர்களிடம் அந்த வாசகத்தைப் படித்துக் காட்ட யாரும் இல்லை. 1978இல் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு பிறந்ததுதான் அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு சூப்பர்ஃபண்ட் சட்டம். ஒரே ஒரு கைமாற்றத்தின் பத்திரத்தில் முடங்கிக் கிடக்கும் எச்சரிக்கை, விற்றவரைக் காப்பாற்றுமே தவிர வாங்குகிறவரைக் காப்பாற்றாது. எச்சரிக்கை நிலத்தின் எண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும்; ஒவ்வொரு முறை கைமாறும்போதும் தானாக மேலே வர வேண்டும்; சுத்தம் செய்யாமல் பயன்பாட்டை மாற்ற முயன்றால் பதிவே நடக்கக் கூடாது.

இப்படி ஒரு ஏற்பாடு கற்பனை இல்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 1995 முதல் எந்த நிலத்தை விற்றாலும் மண் சான்று இணைக்க வேண்டும். அந்த அரசின் கழிவு மேலாண்மை நிறுவனம் தன் ஆவணத்தைப் பார்த்து அதை வழங்குகிறது. சாதாரண வீட்டு மனையாக இருந்தால், எங்களிடம் தகவல் ஏதுமில்லை என்று ஒரு காகிதம், அவ்வளவுதான். அபாயத் தொழில் நடந்த இடமாக இருந்தால், விற்பதற்கு முன் மண் ஆய்வு கட்டாயம். கடுமையான மாசு தெரிந்தால், சுத்தம் செய்வதற்கான உறுதியும் நிதிப் பிணையும் கொடுத்த பிறகுதான் கைமாற்றம். சான்று இல்லாத விற்பனையை வாங்கியவர் செல்லாததாக்கக் கோரலாம். இதில் உயர்ந்த தொழில்நுட்பம் என்று ஒன்றும் இல்லை. ஒரு பதிவேடும், பதிவேட்டைப் பார்க்காமல் முத்திரை குத்த மறுக்கும் ஓர் அதிகாரியுமே போதும். நம்மிடம் சார்பதிவாளர் அலுவலகங்கள் கணினிமயமாகி ஆண்டுகள் ஆகின்றன. புல எண்ணைத் தட்டினால் வில்லங்கம் வீட்டிலிருந்தே தெரிகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதல் இயங்குகிறது. எந்த ஆலை எந்த இடத்தில் என்ன தயாரித்தது, மாசு அளவில் அது சிவப்பு வகையா ஆரஞ்சு வகையா என்ற விவரம் அதன் இசைவாணைக் கோப்புகளில் இருக்கிறது. சிப்காட்டிடமும் சிட்கோவிடமும் ஒதுக்கீட்டுப் பட்டியல் இருக்கிறது. இந்த அலுவலகங்களின் தகவலைப் புல எண் வாரியாக ஒரே இடத்தில் கோக்க வேண்டும். அதைத்தான் இன்னும் செய்யவில்லை.

ஒன்றிய அரசு 2025 ஜூலையில் மாசடைந்த தலங்கள் மேலாண்மை விதிகளை அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டிய விதிகள்தாம். சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், மாநில வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், மாசுபடுத்தியவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடமே செலவை வாங்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் அரசுகள் ஏற்க வேண்டும் என்றெல்லாம் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் அதே வேளையில் வெளியான கணக்கு, நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருக்கிறது என்கிறது. ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்த்த பிறகு எத்தனை ஆண்டுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற காலக்கெடுவும் விதிகளில் இல்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னதே 1996இல், பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில்தான். அதே ஆண்டு ராஜஸ்தானின் பிச்சிரி கிராம வழக்கில், இரசாயன ஆலைகள் கெடுத்த மண்ணையும் கிணறுகளையும் அவர்களே சரிசெய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தச் செலவாகக் கணக்கிடப்பட்ட 37 கோடி ரூபாய்ச் சொச்சத்தை வட்டியோடு கட்டு என்று 2011இல் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு கையில் இருந்தும் பதினைந்து ஆண்டு. பணம் வாங்க வேண்டிய இடம் நீதிமன்ற வாசல் இல்லை, விற்பனை மேசை.

செலவைப் பற்றிய எதிர்வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சுத்தம் செய்யும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டினால் யாரும் கிட்டே வர மாட்டார்கள், நிலம் இன்னும் முப்பது ஆண்டு சும்மா கிடக்கும் என்கிறார்கள். இந்தப் பாடத்தை நெதர்லாந்து கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. 1980இல் லெக்கர்கெர்க் என்ற ஊரில் கழிவுப் பீப்பாய்கள் மேல் கட்டிய இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைக் காலி செய்ய நேர்ந்தது. அந்த அதிர்ச்சியில், எந்த மாசு நிலமும் எந்தப் பயனுக்கும் ஏற்றதாகும்வரை சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று டச்சு அரசு கொள்கை வகுத்தது. செலவு மலைபோல ஏறியது, பணி தேங்கியது. 1990களில் பயன்பாட்டுக்கு ஏற்ற சுத்தம் என்ற முறைக்கு மாறினார்கள். கிடங்கு வரும் இடத்துக்கு ஓர் அளவு. குழந்தைகள் புழங்கும், கீரை போடும், கிணறு வெட்டும் இடத்துக்கு இன்னோர் அளவு. இது நியாயமான வழி. ஆனால் இதுவே, பதிவேட்டை இன்னும் அவசியமாக்குகிறது. கிடங்கு அளவுக்குச் சுத்தம் செய்த நிலம், பத்தாண்டு கழித்து மழலையர் பள்ளியாக மாறாமல் யார் தடுப்பது? பயன்பாட்டு வரம்பு நிலத்தின் ஆவணத்தில் இருந்தால்தான் தடுக்க முடியும். செலவு என்பது எப்போதும் தோண்டி லாரியில் ஏற்றுவதாகவும் இருக்க வேண்டியதில்லை. லண்டன் 2012 ஒலிம்பிக் பூங்கா கட்டிய ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதி பழைய தொழிற்சாலை நிலம். அங்கேயே மண்ணைக் கழுவும் ஆலைகளை நிறுவி, தோண்டிய மண்ணின் பெரும்பகுதியை அங்கேயே திரும்பப் பயன்படுத்தினார்கள். சென்னை, கோவை போன்ற நகரங்களின் உள்பகுதியில் ஒரு கிரவுண்டு என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்கள், சுத்தம் செய்யக் கட்டுப்படியாகாது என்று சொல்வதை நம்புவது கடினம். இராணிப்பேட்டை போல நிலவிலை செலவைத் தாங்காத இடங்களில் பொதுப்பணம் போகத்தான் வேண்டும். அது வேறு கணக்கு.

யாருடைய பயன்பாட்டுக்கு எந்த அளவு என்பதை முடிவு செய்வதும் அறைக்குள் நடக்கக் கூடாது. கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகு, ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்று அளவு நிர்ணயிக்கப்பட்டது. பாம்பார் சோலைக்கு மேலே இருக்கும் நிலத்துக்கு இது போதாது, ஆலையை நடத்திய நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் நாட்டில் அளவு இதைவிடக் கடுமை என்று உள்ளூர் இயக்கத்தினர் பல ஆண்டு போராடினார்கள். எந்த அளவு சரி என்பதில் வல்லுநர்கள் வேறுபடலாம். முன்னாள் தொழிலாளர்களும் ஊராரும் அந்த எண்ணை முடிவான பிறகே தெரிந்துகொள்ளும்படி வைப்பதில் மட்டும் எந்த நியாயமும் இல்லை.

முதலீடு ஓடிவிடும் என்பது அடுத்த கவலை. அமெரிக்க அனுபவத்தில் இதற்கு அடிப்படை உண்டு. 1980 சட்டம் நிலத்தை வாங்கியவர் தலையிலும் பொறுப்பைச் சுமத்தியதால், வங்கிகளும் கட்டுநர்களும் பழைய ஆலை நிலங்களைத் தொடவே பயந்தார்கள். நகருக்கு வெளியே பச்சை வயல்களைத் தேடிப் போனார்கள். நியூஜெர்சியிலும் விற்பனைகள் தேங்குகின்றன என்ற புகார் எழுந்து 1993இல் சட்டத்தை இளக்கினார்கள். ஆனால் எப்படித் திருத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2002இல் அமெரிக்க நாடாளுமன்றம், வாங்குவதற்கு முன் முறையாக மண்ணை ஆய்வு செய்து, தெரிந்தே வாங்கி, பராமரிப்பு நிபந்தனைகளையும் ஏற்கிறவரைப் பழைய மாசின் பொறுப்பிலிருந்து காத்தது. அதாவது சோதிப்பதற்கான தூண்டுதலை அதிகப்படுத்தினார்கள். சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் சட்டமும் இப்படியே சொல்லலாம்: சோதித்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு, சோதிக்காமல் வாங்கியவருக்குப் பொறுப்பு. நேர்மையான கட்டுநருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. இன்று அவர் பயப்பட வேண்டியது, வீடுகளை விற்று முடித்த பிறகு ஏதோ ஒரு கோடைக்காலத்தில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் வருவதற்குத்தான்.

சுற்றுச்சூழல் அனுமதி என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எதற்கு இன்னொன்று என்றும் கேட்பார்கள். 2006 அறிவிக்கையின்படி அந்த அனுமதி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கே தேவை. அதன் நோக்கம் புதிதாக வரும் கட்டடம் சூழலை என்ன செய்யும் என்று பார்ப்பது. பழைய ஆலை மண்ணை என்ன செய்தது என்பது அதில் ஓர் ஓரத்தில்தான் வரும். பட்டறைகள் இருந்த நாலு கிரவுண்டு, ஐந்து கிரவுண்டு மனைகள் அந்தக் கண்ணில் படவே படாது.

சொல்லக் கூச்சப்பட்டாலும் எல்லோர் மனத்திலும் இருக்கும் எதிர்வாதம் வேறு. இன்னொரு சான்று என்றால் இன்னொரு மேசை, இன்னொரு கவர். இதைச் சொல்கிறவர்களைக் குறைகூற முடியாது. அதனால்தான், பெரும்பாலான மனைகளுக்கு இந்தச் சான்று மனிதர் கை படாமல் வர வேண்டும்: அபாயத் தொழில் நடந்த பட்டியலில் அந்தப் புல எண் இல்லை என்றால், வில்லங்கச் சான்றிலேயே ஒரு வரியாக அச்சாகிவிடலாம். பட்டியலில் இருக்கும் எண்களுக்கு மட்டும் ஆய்வு. ஆய்வகம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் என்ன கிடைத்தது என்ற முழு அறிக்கையும் இணையத்தில் எவரும் பார்க்கும்படி ஏற வேண்டும். பொய் அறிக்கை எழுதுவது அப்போதும் சாத்தியம்தான். ஆனால் பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கல்லூரி மாணவரே அதை உடைத்துவிட முடியும் என்னும்போது, பொய்யின் விலை ஏறும்.

சிறு உரிமையாளர்களின் அச்சம் இதைவிட உண்மையானது. தன் மூன்று சென்ட் இடம் மாசுப் பட்டியலில் வந்துவிட்டால் மகள் கல்யாணத்துக்கு விற்க முடியாதே என்று நினைக்கிற ஒருவரிடம் கொள்கை பேசிப் பயனில்லை. அவர் அந்த மாசைச் செய்யவில்லை. ஆலையின் வேலிக்கு வெளியே வாங்கியது மட்டுமே அவர் செய்தது. இத்தகையவர்களின் நிலத்தைச் சோதிக்கும் செலவையும் சீரமைக்கும் செலவையும் அரசு ஏற்று, பிறகு மாசுபடுத்தியவரிடம் வசூலிக்க வேண்டும். சுத்தமான பின் பதிவு நீங்க வேண்டும், அதுவும் மனுப் போட்டு அலையாமல். இவ்வளவு செய்தும் விலை சில ஆண்டுக்கு இறங்கத்தான் செய்யும். அந்த நட்டத்தை மறைப்பதால் அது மறைந்துவிடாது. விஷயம் தெரியாமல் கடைசியாக வாங்கும் குடும்பத்தின் தலையில் விடியும்.

சுத்தம் செய்த நிலத்தின் லாபம் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு மும்பை எச்சரிக்கை. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் நலிந்த பஞ்சாலைகளின் சுமார் 600 ஏக்கரை மூன்று பங்காக்கி, ஒன்று பூங்காவுக்கு, ஒன்று எளியோர் வீட்டுக்கு, ஒன்று உரிமையாளருக்கு என்று 1991இல் விதி போட்டார்கள். 2001இல் ஒரு திருத்தம் வந்தது. ஆலைக் கட்டடம் நின்ற நிலம் பங்குக்கு வராது, காலியாகக் கிடந்த நிலத்தில்தான் பங்கு என்றாயிற்று. உச்ச நீதிமன்றமும் 2006இல் அதை ஏற்றது. நகரத்துக்குக் கிடைத்தது சொற்பம். தமிழ்நாட்டில் பொதுப்பணத்தில் சீரமைக்கப்படும் எந்த ஆலை நிலத்திலும், விலை ஏற்றத்தில் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் திறந்த வெளிக்கும் போக வேண்டும் என்பதை அதே பதிவில் நிபந்தனையாக ஏற்றிவிடலாம்.

இவற்றில் பெரும்பகுதிக்குத் தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பதிவுத்துறையும் நகரமைப்புத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சிப்காட்டும் மாநில அரசின் கையில் உள்ளவை. முதல் வேலையாக, வாரியத்தின் கோப்புகளில் உள்ள மூடப்பட்ட சிவப்பு வகை ஆலைகள் அனைத்தையும் புல எண்ணோடு ஓராண்டுக்குள் வெளியிட அரசு உத்தரவிட வேண்டும். அந்த எண்கள் வில்லங்கச் சான்றில் ஏறும்வரை, அவற்றில் பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதியை நிறுத்திவைக்க வேண்டும். பட்டியலின் முதல் வரியாக இராணிப்பேட்டை சிப்காட்டின் அந்தக் குரோமியக் குன்று நிற்கும் புல எண்களை எழுதலாம். அவற்றுக்கு ஆய்வே தேவையில்லை.